புத்தாண்டுத் தீர்மானமும் இச்சையடக்கமும்: சுவரில் மாட்டிய அட்டைகளைக் கழற்றலாமா?

அத்திமரத்தடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபையில் ஒரு வேதபாடக் குழுவை நடத்துகிறேன். மொத்தம் 14 பேர். போன புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்த கையோடு, ஆளுக்கொரு தீர்மானம் எழுதினோம். தலைப்பு 'இச்சையடக்கம்'. மாதத்துக்கு ஓர் அட்டை, நாளுக்கு ஒரு கட்டம். தீர்மானத்தைக் காத்த நாளில் பச்சைப் பொட்டு ஒட்ட வேண்டும், தவறினால் கட்டம் வெறுமையாக இருக்கும். அட்டையை வீட்டில் வைத்திருந்து, மாதக் கடைசி ஞாயிறன்று கொண்டுவந்து கூடுகை அறைச் சுவரில் வரிசையாக மாட்டுவோம். இரவு பத்து மணிக்கு மேல் கைபேசியைத் தொடுவதில்லை என்று எழுதினார் ஒருவர். புறங்கூறுவதில்லை என்றார் இன்னொருவர். சிகரெட், அதிகாலை ஜெபம், கடன் வாங்கிச் செலவழிப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. நான் எழுதியது: வீட்டில் குரல் உயர்த்துவதில்லை.

ஜனவரியில் சுவரே பச்சை. பிப்ரவரியில் பொத்தல்கள். மார்ச்சில் மறுபடியும் பச்சை. போதகர் ஆராதனையிலேயே எங்கள் குழுவைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

அந்த ஞாயிறு கூடுகைக்குப் பிறகு அறையைப் பூட்ட நான் மட்டும் இருந்தேன். அட்டைகளை அருகில் நின்று பார்த்தேன். நாளுக்கொன்றாக ஒட்டிய பொட்டுகள் எப்படி இருக்கும்? ஒன்று கோணலாக நிற்கும், ஒன்று கட்டத்தைத் தாண்டும், முதல் வாரத்துப் பொட்டுகள் விரல் பட்டு அழுக்காகி ஓரம் சுருண்டிருக்கும். ஓர் அட்டையில் 31 பொட்டுகளும் அடிக்கோல் வைத்தாற்போல நேராக, ஒரே பளபளப்போடு இருந்தன. ஒரே இருக்கையில் ஒட்டியவை. பக்கத்து அட்டையும் அப்படியே. அதற்கடுத்தது என்னுடையது. சனிக்கிழமை இரவு மேசையில் உட்கார்ந்து ஒட்டியது நானேதான். மறுநாள் காலை, ஆராதனைக்குக் கிளம்பும் அவசரத்தில், காலணியைத் தேடிக்கொண்டிருந்த மகளிடம் தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு, அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

இப்போது சபைக் குழு இதையே சபை முழுவதற்கும் செய்யச் சொல்கிறது. கூடத்தின் நுழைவாயிலில் பெரிய பலகை வைக்கிறார்களாம். எனக்கு ஒப்பவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னால், வேறென்ன செய்வது என்று கேட்பார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. இச்சையடக்கம் ஆவியின் கனி என்றால் பொட்டு எதற்கு? நம் பயிற்சி என்றால் அதைக் கனி என்று ஏன் சொல்கிறோம்?

கிரேக்கமாணவன்

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். பவுல் ஆவியின் கனியைப் பட்டியலிடும் இடத்தில், கலாத்தியர் 5:23-இல் ஒன்பதாவதாக, கடைசியாக வரும் கிரேக்கச் சொல் 'எங்க்ராதேயா'. உள்ளே இருப்பது 'க்ராத்தோஸ்': வலிமை, ஆளுகை. தன்னைத் தன் கைக்குள் வைத்திருப்பது என்று பொருள். பழைய மொழிபெயர்ப்பு 'இச்சையடக்கம்' என்கிறது, திருவிவிலியம் 'தன்னடக்கம்' என்கிறது. இச்சை என்றதும் நம் மனம் உடனே காமத்துக்கும் குடிக்கும் ஓடிவிடுவதற்கு, பழைய சொல்லின் ஓசையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பவுல் அதை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். கனிகளுக்கு முன்னால் மாம்சத்தின் கிரியைகள் வருகின்றன. பழைய மொழிபெயர்ப்பில் 17 பெயர்கள். அவற்றில் நடுவில் அடுக்கி வருபவை: பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள். எட்டு! ஏறக்குறைய பாதிப் பட்டியல் சபைக்குள் நடக்கும் சண்டை. 15-ஆம் வசனத்தில் 'ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தீர்களானால்' என்று எச்சரித்துவிட்டுத்தான் இந்தப் பகுதிக்கே வருகிறார். கடித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்கு எழுதப்பட்ட சொல் இது. நாமோ அதைத் தனி மனிதனின் இரவு நேரப் பிரச்சினையாகச் சுருக்கிவிட்டோம்.

எரிச்சல்காரி

எங்கள் சபையில் வருடத் தொடக்கத்தில் 21 நாள் உபவாசம். பன்னிரண்டாம் நாள் நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு மூப்பர்கள் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டார்கள். இருவருமே உபவாசம். உபவாசித்துக்கொண்டே சண்டையிடுவதைக் கண்டிக்கும் ஏசாயா 58-ஐ அன்று யாரும் வாசிக்கவில்லை.

பனித்துளி

நான் உளவியல் படித்தவள், விசுவாசியும்கூட. ஆய்வுகள் சொல்வதில் இரண்டு மூன்று விஷயங்கள் இங்கே பயன்படும்.

21 நாளில் பழக்கம் உருவாகும் என்ற பேச்சு, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர் 1960-இல் எழுதியதிலிருந்து பரவியது. தோற்றம் மாறிய நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. 2010-இல் லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதே ஆய்வில், ஒரு நாள் தவறவிட்டது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்கள் அட்டையில் பிப்ரவரிப் பொத்தல்கள் இருந்தனவே, அவைதான் நேர்மையான பகுதி. அவற்றை அவமானமாக்கியதால்தான் மார்ச் பொய்யாயிற்று.

மன உறுதி ஒரு தொட்டி, பயன்படுத்தினால் வற்றிவிடும் என்ற கருத்தும் ஆட்டம் கண்டிருக்கிறது. 1998-இல் முள்ளங்கியை வைத்துச் செய்த சோதனையால் புகழ்பெற்ற கருத்து அது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய காணவில்லை. மாறாக, 'இன்ன நேரத்தில் இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பவர்கள் வெறும் தீர்மானக்காரர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பதற்குப் பல ஆய்வுகளின் ஆதரவு உண்டு. 'குரல் உயர்த்த மாட்டேன்' என்பது ஆசை. எந்த மணிக்கு, எந்த வாசலில், யாரிடம் என்பது தெரிந்தால் அது திட்டம். உங்களுக்குக் கோபம் எப்போது வருகிறது பிரதர்?

வசனம்மட்டும்

ஒருவர் ஆவியானவரைப் பொட்டுக்குள் அடைக்கிறார், இன்னொருவர் ஆய்வகத்துக்குள் அடைக்கிறார். 'தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே' என்ற கட்டளைகள் மாம்சத்தைப் பேணுவதற்கே உதவும் என்று கொலோசெயர் 2 சொல்லவில்லையா? மரம் உட்கார்ந்து முயற்சி செய்து பழுக்கிறதா? நிலைத்திருங்கள், கனி தானாக வரும். இத்தனை எண்கள் எதற்கு?

பனித்துளி

மரம் முயற்சி செய்வதில்லை, சரி. ஆனால் பவுல் 1 கொரிந்தியர் 9-இல் மரத்தைச் சொல்லவில்லையே, பந்தயக்காரனைச் சொல்கிறார். அங்கே இருப்பதும் அதே சொல்தான்.

கிரேக்கமாணவன்

ஆம், வினைவடிவில். கொரிந்துவுக்குப் பக்கத்தில் இஸ்த்மியாவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பந்தயங்கள் நடந்தன. கடிதத்தைக் கேட்டவர்கள் அந்த வீரர்களின் பயிற்சியைக் கண்ணால் கண்டவர்கள். வென்றவனுக்குக் கிடைத்ததோ வெறும் தழைக் கிரீடம். 'அழிவுள்ள கிரீடம்' என்பதைக் கேட்டு அவர்கள் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். (இது என் ஊகம், வசனம்மட்டும் ஐயா மன்னிக்கவும்.)

பழைய அங்கி

நான் ஓய்வுபெற்ற போதகன். 38 புத்தாண்டு நள்ளிரவு ஆராதனைகளில் பிரசங்கித்திருக்கிறேன். அவற்றில் குறைந்தது பத்து முறையாவது, கனி கொடாததால் வெட்டப்படவிருந்த லூக்கா 13-இன் அத்திமரம்தான். 'இது இந்த வருஷமும் இருக்கட்டும்.' மணி பன்னிரண்டை நெருங்கும்போது அந்த வரியைச் சொன்னால் கூடமே விம்மும். அந்த விம்மலை நானும் விரும்பினேன், அதை மறைத்துப் பயனில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த உவமையில் மரம் எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை. பேசுகிறவன் தோட்டக்காரன். சுற்றிலும் கொத்துவதும் எருப்போடுவதும் அவன். கனி வந்ததா என்று கதை சொல்லவும் இல்லை. நானோ பத்து வருடமும் மரத்தைப் பார்த்தே கத்தினேன்.

வசனம்மட்டும் தம்பிக்கு: நீங்கள் சொன்னதில் பாதி உண்மை, மறுபாதியைப் பேதுரு சொல்கிறார். 2 பேதுரு 1-இல் முதலில் தேவன் எல்லாவற்றையும் தந்தருளினார் என்கிறார். அதற்குப் பிறகுதான் 'அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்' கூட்டி வழங்கச் சொல்கிறார். அந்த வரிசையில் ஞானத்துக்கும் பொறுமைக்கும் நடுவில் இச்சையடக்கம் நிற்கிறது. வரிசை முடிவது சகோதர சிநேகத்திலும் அன்பிலும். அமெரிக்கப் போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் 1722, 23 வாக்கில், இருபது வயதைத் தொடும் முன்பே, 70 தீர்மானங்கள் எழுதினார். அவற்றின் தலையில், தேவனுடைய உதவி இல்லாமல் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று எழுதிவைத்தார். வாரத்துக்கு ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பதும் தனக்குத்தானே இட்ட ஏற்பாடு. அவர் அதைச் சுவரில் மாட்டவில்லை.

இன்னொன்று. அப்போஸ்தலர் 24-இல் பவுல் இச்சையடக்கத்தைப் பற்றி ஒருவருக்கு நேருக்கு நேர் பேசுகிறார். கேட்ட ரோம ஆளுநர் பேலிக்ஸ் பயந்தான். 'எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்' என்று அனுப்பிவிட்டான். டிசம்பர் மாதத்தில் நாம் எல்லோரும் பேலிக்ஸ்தான். ஜனவரி ஒன்று வரட்டும் என்கிறோம்.

எரிச்சல்காரி

அந்தக் கடைசி வரியை யாராவது பலகையில் எழுதுவதற்குள் ஓடிவிடுகிறேன்.

மூன்றாம் வரிசை

பல நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுவே முதல் முறை. நான் குடித்தவன். நிறுத்தி 11 வருடம் ஆகிறது. சபையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு 13 வருடம். அந்த இரண்டு வருட வித்தியாசத்தைத்தான் எழுத வந்தேன்.

முதலில் நிறுத்தி நாலு மாதம் ஆனபோது, புத்தாண்டு ஆராதனையில் சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தார்கள். சொன்னேன். கைதட்டினார்கள், என் மனைவி அழுதாள். அந்த இரவே எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது. சாட்சி சொன்னவன் விழ முடியாது. விழுந்தால் என் சாட்சி பொய், அதைக் கேட்டுத் துதித்தவர்கள் ஏமாளிகள். மார்ச்சில் விழுந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு பாடகர் குழுவில் நின்றேன். அசுத்த ஆவி திரும்பி வந்து, பெருக்கி ஜோடிக்கப்பட்ட வீடு வெறுமையாக இருப்பதைக் கண்டு, ஏழு பேரைக் கூட்டிவந்ததே (மத்தேயு 12), அந்தப் பகுதியை யாராவது வாசித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ஒருநாள் பாட்டுப்பயிற்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, பக்கத்தில் நின்ற ஒருவர் என்னைப் பார்க்காமலேயே கேட்டார்: "எந்த நேரம் ரொம்பக் கஷ்டம்?" சாயங்காலம் ஆறரை என்றேன். மறுநாள் ஆறரைக்குத் தொலைபேசி மணி அடித்தது. என்ன பேசினோம் என்றால் ஒன்றும் இல்லை. வேலை எப்படி, முதுகுவலி எப்படி. சில நாள் ஜெபித்தார், சில நாள் இல்லை. ஏறக்குறைய ஒன்றரை வருடம், நாள் தவறாமல் ஆறரை. நான் விழுந்த நாள்களிலும் அடித்தது. "இன்றைக்குக் குடித்துவிட்டேன்" என்றேன். "சரி, நாளைக்கு ஆறரை" என்றார்.

பொட்டு எல்லாம் எனக்குத் தெரியாது. அந்த மனிதர் யாரிடமும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

பனித்துளி

இதற்கு மேல் நான் ஆய்வு எதையும் சொல்லப்போவதில்லை.

வசனம்மட்டும்

மூன்றாம் வரிசை பிரதர், உங்களுக்காகத் துதிக்கிறேன். என் பேச்சில் கடுமை இருந்தது. பனித்துளி சிஸ்டர் மன்னிக்கவும். ஆனால் கொலோசெயர் 2-ஐ நான் விடவில்லை.

கல்விளக்கு

எல்லோரும் 'ஒருவரிடம் சொல்லுங்கள்' என்ற இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நல்லது. நான் சொன்னேன், நடந்தது இது. மூன்று வருடத்துக்கு முன், என் வீட்டு விஷயம் ஒன்றைப் பெண்கள் ஐக்கியத்தில் ஒரே ஒரு சகோதரியிடம் 'ஜெபிக்க' என்று சொன்னேன். புதன்கிழமைக்குள் என் மகனின் ஞாயிறு பள்ளி ஆசிரியை வரைக்கும் தெரிந்திருந்தது. கேட்டபோது, "ஜெபிக்கத்தானே சொன்னேன்" என்றார். பொய்யும் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் ஜெபிக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

சபையில் இச்சையடக்கம் என்றால் குடியையும் கைபேசியையும் பேசுகிறோம். ஜெப விண்ணப்பம் என்ற உறையில் போட்டு அனுப்பப்படும் புறங்கூறலை யாரும் பேசுவதில்லை. யாக்கோபு 3 நாவை நெருப்பு என்கிறது. 'என் வாய்க்குக் காவல் வையும்' என்பது சங்கீதம் 141. யாகாவாராயினும் நாகாக்க என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். காவல் இல்லாத சபையில் பாவ அறிக்கை செய்யச் சொல்வது, மதில் இல்லாத ஊரில் நகையைத் திண்ணையில் வைக்கச் சொல்வதுபோல. அத்திமரத்தடி பிரதர், உங்கள் குழுவில் புறங்கூறுவதில்லை என்று எழுதியவரின் அட்டை எப்படி இருந்தது?

அத்திமரத்தடி

அம்மா, அந்த அட்டைதான் குழுவிலேயே அதிகப் பொத்தல் உள்ளது. மார்ச்சிலும்கூட. அதைப் பார்த்து நாங்கள் பரிதாபப்பட்டோம் என்பதை இப்போது எழுதும்போது கூசுகிறது.

பழைய அங்கி

கல்விளக்கு அம்மா சொன்னது பழைய காயம், அதற்குப் பழைய மருந்தும் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் காலத்துச் சிறு குழுக்களுக்கு 1738-இல் எழுதிய விதிகளில், கடந்த கூடுகைக்குப் பிறகு அறிந்து செய்த பாவம் என்ன என்ற கேள்வி வாரந்தோறும் உண்டு. அதைக் கேட்டதும் நமக்கு மூச்சு முட்டும். ஆனால் ஒருவரைச் சேர்க்கும் முன்பே, உன் குறைகளை உன்னிடம் சொல்வதை நீ விரும்புகிறாயா என்று கேட்டுவிடுவார்கள். விரும்பியவர்தான் உள்ளே வருவார். சபை வாசலில் பலகை வைத்தால், விரும்பாதவர் பெயரும் அதில் ஏறும்.

1742-இல் பிரிஸ்டலில் நடந்தது இன்னும் சுவையானது. கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் பொறுப்பு. பென்னி கேட்டு வீடு வீடாகப் போனவர்கள், யார் குடிக்கிறார், எந்த வீட்டில் சண்டை என்பதையெல்லாம் கண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் அவர்களுடைய வகுப்புக் கூட்டம். ஆத்துமாவைத் தேடிப் போகவில்லை பாருங்கள், பென்னியைத் தேடித்தான் போனார்கள். ஆனால் வாசல்வரை போனார்கள்.

எரிச்சல்காரி

அப்படியென்றால் எங்கள் கட்டட நிதிக் குழுவுக்கும் நம்பிக்கை இருக்கிறது.

கிரேக்கமாணவன்

ஒரு சந்தேகம். மூன்று பேர், நாலு பேர் என்று சுருக்கிவிட்டால், அந்த மூவரில் ஒருவர் ஆதிக்கம் செலுத்துபவராக இருந்தால்? கண்காணிப்பை ஆவிக்குரிய வளர்ச்சி என்று சொல்லி ஆள்களை நெருக்கிய குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். எங்க்ராதேயா என்பது தன்மீது ஆளுகை. அடுத்தவன்மீது அல்ல.

பழைய அங்கி

சரியான எச்சரிக்கை. கேள்வி கேட்பவருக்கும் அதே கேள்வி திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அந்தக் குழுவைக் கலைத்துவிடுங்கள்.

அத்திமரத்தடி

புத்தாண்டு வந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

சபைக் குழுவிடம் பேசினேன். அட்டைகள் பொய் என்று சொல்லத் துணிவில்லை. 'என் அட்டை பொய்' என்று மட்டும் சொன்னேன். அறையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான். பலகையை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். மூப்பர் ஒருவருக்கு வருத்தம், பலகைக்குப் பலகைக்காரரிடம் முன்பணம் கொடுத்தாயிற்றாம்.

முதல் கூடுகைக்கு முன் அட்டைகளைக் கழற்றினேன். பசை இருந்த இடங்களில் சுவர்ச் சாயம் உரிந்து, 14 வெள்ளைக் கட்டங்கள். வந்தவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். என் அட்டையைப் பற்றி அவர்களிடமும் சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "நானும் மொத்தமாகத்தான் ஒட்டினேன், ஆனால் கோணலாக ஒட்டினேன்" என்றாள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் சிரிப்பு, கொஞ்சம் அழுகை. அன்று வேதபாடம் நடக்கவில்லை.

விரும்பினவர்கள் மட்டும் மூன்று பேராகப் பிரிந்திருக்கிறோம். ஒன்பது பேர் விரும்பினார்கள், ஐந்து பேர் இல்லை. அந்த ஐவரும் குழுவில் தொடர்கிறார்கள், அதுவே போதும். பேசியது வெளியே போகக் கூடாது, ஜெப விண்ணப்பமாகவும் போகக் கூடாது. (கல்விளக்கு அம்மா, இந்த வரி உங்களுடையது.)

பனித்துளி சிஸ்டர் கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நானாகக் கண்டுபிடிக்கவும் இல்லை, மகளிடம் கேட்டேன். கணக்குப் பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நீங்கள் வேலையிலிருந்து வந்து, சாவியை வைக்கிற இடத்தில் என் பை இருந்தால்." ஆறரை மணி. அதிலிருந்து வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். நாலு நாள் சரியாக நடந்தது. ஐந்தாம் நாள் கத்திவிட்டேன்.

மூன்றாம் வரிசை

எனக்கும் அந்த நேரம்தான் பழக்கம். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் பிரதர். நாளைக்கு ஆறு இருபத்தைந்துக்கு அழைக்கிறேன், கதவைத் திறப்பதற்கு முன்பு.